தேயிலை மலையில் ஒரு பரீட்சை

உயிரியல் பயிலும் மாணவர் எவரைக் கேட்டாலும், மெண்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்திற் பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பரம்பரையின் விதிகளைக் கண்ட வரலாற்றைத் தடையின்றி ஒப்புவிப்பர். அவர் தம் முடிவுகளை 1865ஆம் ஆண்டில் புருனோ நகரத்து அறிஞர் சபையில் வாசித்தார் என்பதும், உயர்ந்த செடி மூன்றுக்குக் குட்டைச் செடி ஒன்று என்னும் கணக்கும் அவர்களுக்கு மனப்பாடம். பழ ஈயின் கண் நிறமும், கலாபகோசுத் தீவுக் குருவிகளின் அலகும் அவ்வாறே. இவை யாவும் அறியத்தக்கனவே. ஆயினும், தலவாக்கலையிலோ அட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்து படிக்கும் மாணவன் வீட்டுக் கதவைத் திறந்தவுடன் காண்பது தேயிலைச் செடி. அச் செடியைச் சுட்டி, "இதிலே பரம்பரை விதி எங்கே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்பாராயின், அவன் சற்றுத் திகைத்தல் கூடும்.

பிறப்புரிமையியல், கூர்ப்பு, மூலக்கூற்று உயிரியல் எனப் பாடநூல்கள் மூன்று பெயரால் வகுத்து வைத்திருக்கும் அறிவின் பெரும்பகுதியை இந்த ஒரு செடியைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். ஆகவே ஏழு வினாக்களைக் கீழே தந்திருக்கிறோம். வீட்டில் ஒருவர் வினாவை உரக்க வாசிக்கட்டும். மற்றையோர் தத்தம் விடையைச் சொன்ன பின்னரே கீழுள்ள விளக்கத்தை வாசிக்கட்டும். க.பொ.த. உயர்தர வகுப்பு மாணவருக்கு மட்டும் உரிய பரீட்சை என்று பெரியோர் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கொழுந்து பறித்த கைகளுக்கும் கவாத்துக் கத்தி பிடித்த கைகளுக்கும் சில வினாக்கள் மாணவருக்கு இருப்பதினும் எளிதாயிருக்கும்.

முதலாம் வினா

பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப் போல மறுசெடி இருப்பதில்லை. ஒன்றின் இலை அகன்றும், ஒன்றின் இலை ஒடுங்கியும் இருக்கும். ஒன்று முந்திக் கொழுந்து விடும், ஒன்று பிந்தும். வீ.பி. தேயிலை மலையிலோ எல்லாச் செடிகளும் அச்சிலே வார்த்தாற் போல் ஒத்திருக்கின்றன. காரணம் யாது?

விடை: விதையினின்று பிறந்த செடிக்குத் தாய் ஒன்று, தந்தை வேறொன்று. தேயிலைப் பூ தன் மகரந்தத்தாலே தான் கருக்கொள்வது மிக அரிது. பூச்சிகள் வேறொரு செடியிலிருந்து கொணரும் மகரந்தமே பெரும்பாலும் அதனைக் காய்க்கச் செய்கிறது. தேயிலையின் ஒவ்வொரு கலத்திலும் 30 நிறமூர்த்தங்கள், அதாவது 15 சோடிகள் உள்ளன. விதை உருவாகுங்கால் ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று மட்டுமே பிள்ளைக்குச் செல்லும். எது செல்லும் என்பது திருவுளச் சீட்டுப் போன்றது. பதினைந்து சோடிகளுக்கும் இவ்வாறு சீட்டுப் போட்டால், தாய் ஒன்றே 32,768 விதமான கொடைகளை அளிக்க முடியும். தந்தையும் அத்தனை விதங்களில் அளிக்கலாம். இரண்டையும் பெருக்கினால் 107 கோடிக்கு மேற்பட்ட சேர்க்கைகள் கிடைக்கின்றன. சோடிகள் தம்முள்ளே துண்டுகளை மாற்றிக்கொள்வதைக் கணக்கிற் சேர்த்தால் இத்தொகை இன்னும் பெருகும். எனவே ஒரே மரத்து விதைகளாயினும் இரண்டு ஒத்திருப்பது அரிது.

வீ.பி. தேயிலையில் இச் சீட்டே கிடையாது. நல்ல செடியொன்றின் கிளையை வெட்டி, அத் துண்டினை வேரூன்றச் செய்து நடுகிறார்கள். தந்தை இல்லை, கலப்பு இல்லை, தாயின் அலகுகள் யாவும் அப்படியே வருகின்றன. ஒரு மலை முழுதும் இருப்பது, மெய்யாகவே சொன்னால், ஆயிரக்கணக்கான இடங்களில் நிற்கும் ஒரே செடியாகும்.

இரண்டாம் வினா

நாற்றுமேடையில் நடப்படும் துண்டில் இருப்பன ஓர் இலையும் ஒரு கணுவும் அதனைச் சார்ந்த சிறு தண்டுமே. அதில் வேர் என்பது எள்ளளவும் இல்லை. சில மாதங்களில் வேர் எங்கிருந்து வந்தது?

விடை: வேரை உண்டாக்கும் அறிவு தண்டின் கலங்களுக்குள்ளே முன்னரே இருந்தது. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் பொருள் டி.என்.ஏ. என்பது. அதன் முறுக்கேணி அமைப்பை 1953ஆம் ஆண்டில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர்; உரோசலிண்ட் பிராங்க்ளினும் வில்கின்சும் எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அதற்கு ஆதாரமாயின. நான்கே எழுத்துக்களாலான ஒரு மொழியில் அச் செய்தி எழுதப்பட்டிருக்கிறது. தேயிலையின் செய்தி ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் நீளமுடையது. அசாம் வகைத் தேயிலையின் முழுச் செய்தியை 2017ஆம் ஆண்டிலும், சீன வகையின் செய்தியை 2018ஆம் ஆண்டிலும் சீன விஞ்ஞானிகள் வாசித்து வெளியிட்டனர்.

இம் முழுச் செய்தியும் இலையின் கலத்திலும் உண்டு, தண்டிலும் உண்டு, பூவிலும் உண்டு. பின்னர் இலை ஏன் இலையாகவும் வேர் ஏன் வேராகவும் இருக்கின்றன? தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் எல்லாருடைய பெயரும் அதில் இருக்கிறது. ஆயினும் காலைப் பெரட்டிலே, இன்னார் கொழுந்துக்கு, இன்னார் கவாத்துக்கு, இன்னார் தொழிற்சாலைக்கு என்று அழைக்கப்படுபவரே அன்று அவ்வேலையைச் செய்கின்றனர். கலத்திலும் இவ்வாறே, பரம்பரை அலகுகள் யாவும் இருப்பினும், அவ்விடத்துக்கும் அப்பொழுதுக்கும் வேண்டியவையே அழைக்கப்படுகின்றன. தண்டு வெட்டப்பட்டு ஈரமண்ணில் ஊன்றப்பட்டதும், அதுவரை அழைக்கப்படாதிருந்த அலகுகள் அழைப்புப் பெற்று வேரைத் தோற்றுவிக்கின்றன.

மூன்றாம் வினா

இம் மலைகளில் முன்னர் கோப்பி இருந்தது; பின்னர் தேயிலை வந்தது. இரண்டும் உறக்கத்தைக் கலைப்பன. இரண்டிலும் கபேன் என்னும் ஒரே பொருள் உண்டு. எனவே இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள் என்று கொள்ளலாமா?

விடை: கொள்ளலாகாது. கோப்பியின் உறவினரைத் தேடினால், கோயிலுக்குப் பறிக்கும் வெட்சிப் பூவும், கொயினா மருந்து தரும் சிங்கோனா மரமும் முன்வரும். சிங்கோனாவை வளர்த்துப் பார்ப்பதற்கென்றே 1861ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு அருகில் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. தேயிலையோ கமேலியா என்னும் அழகிய பூச்செடியின் இனத்தது. இரண்டு குடும்பங்களும் மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துபோனவை.

அங்ஙனமாயின் ஒரே பொருள் இரண்டிலும் எவ்வாறு வந்தது? கோப்பியின் டி.என்.ஏ. முழுவதும் 2014ஆம் ஆண்டில் வாசிக்கப்பட்டபோது இதற்கு விடை கிடைத்தது. கபேனை ஆக்கும் நொதியங்களைக் கோப்பி ஒரு வழியாகவும், தேயிலையும் கொக்கோவும் வேறு வழியாகவும் தனித்தனியே பெற்றிருக்கின்றன. கபேன் சிறு பூச்சிகளுக்கு நஞ்சு. அதனைப் பெற்ற செடிகள் பூச்சிக்குத் தப்பிப் பிழைத்து மிகுதியாகப் பெருகின என்பது விஞ்ஞானிகளின் கருத்து. வெவ்வேறு ஊரினின்று புறப்பட்ட இருவர் ஒரே சந்தையில் வந்து சந்தித்தாற் போன்றது இது. இதனைக் கூர்ப்பில் ஒருங்கல் என்பர். தோற்றத்தாலும் குணத்தாலும் ஒத்தன யாவும் உறவாகா என்பது இதனால் விளங்கும்.

நான்காம் வினா

சீன வகைத் தேயிலை சிற்றிலை உடையது, குளிரைத் தாங்குவது. அசாம் வகை பேரிலை உடையது, வெப்பத்தை விரும்புவது. இவ்விரண்டும் வெவ்வேறு இனங்களா, ஓரினத்தின் இரு வகைகளா?

விடை: ஓரினத்தின் இரு வகைகளே. கலந்து விதை தருதலும், அவ்விதையிற் பிறந்தவை மீண்டும் விதை தருதலும் ஓரினத்துக்கு அடையாளம். சீனமும் அசாமும் தங்குதடையின்றிக் கலக்கின்றன. இலங்கையின் பழைய விதைத் தேயிலை மலைகளில் இருப்பவை பெரும்பாலும் இவ்விரண்டின் கலப்புக்களே.

ஓரினமாயினும் அவை மனிதன் கையில் வந்து சேர்ந்தது ஒரே முறையா என்பது நெடுங்காலம் ஐயமாயிருந்தது. இலங்கையரான மீகஹகும்புர முதலாசிரியராக இருந்து 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, சீனாவிலும் இந்தியாவிலும் உள்ள தேயிலைகளின் டி.என்.ஏ. குறிகளை ஒப்பிட்டது. சீன வகை ஒன்று, சீனாவில் உள்ள அசாம் வகை ஒன்று, இந்தியாவில் உள்ள அசாம் வகை ஒன்று என மூன்று தனித்தனி இடங்களில் மனிதர் காட்டுத் தேயிலையைப் பயிராக்கியிருக்கலாம் என்பது அதன் முடிவு. ஏடுகளில் எழுதப்படாத வரலாற்றை இலையிலிருந்து வாசித்தார்கள் என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்க.

ஐந்தாம் வினா

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் சில கோப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சட் பொடி காணப்பட்டது. 1880கள் முடிவதற்குள் மலைநாட்டின் கோப்பிப் பெருந்தோட்டங்கள் பாழாயின. ஒரு சிறு பூஞ்சணம் இவ்வளவு பெரிய அழிவைச் செய்தது எவ்வாறு?

விடை: அப் பூஞ்சணத்தின் பெயர் எமிலேயா வசுத்தாத்திரிட்சு. இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். அரபிக் கோப்பி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் இயல்பினது. உலகெங்கும் பரவிய அக்கோப்பி ஒருசில செடிகளின் வழித்தோன்றலாதலால் அதனுள் வேறுபாடு மிகக் குறைவு. மலைக்கு மலை இடைவெளியின்றி நடப்பட்டிருந்த இலட்சக்கணக்கான ஏக்கர்க் கோப்பி, நோயின் கண்ணுக்கு ஒரே செடியாகத் தோன்றியது. ஒன்றைக் கொல்லத் தெரிந்த பூஞ்சணத்துக்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரிந்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி இந் நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, அதன் வித்திகள் காற்றினாற் பரவுவதையும், இடைவெளியற்ற தோட்டங்கள் அதற்குத் துணையாவதையும் விளக்கினார். ஆயினும் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெயிலர் நட்டிருந்த தேயிலையே பின்னர் இம்மலைகளுக்குப் புகலிடமாயிற்று.

மாணவர் பலர் இங்கே ஒரு பிழை செய்வதுண்டு. "நோய் வந்தபின் செடிகள் அதனை எதிர்க்கும் ஆற்றலைத் தேடிக்கொள்ளும்" என்று எழுதுவர். தேவை கருதி விகாரம் தோன்றுவதில்லை. முன்னரே கூட்டத்துள் எங்கோ ஒன்று வேறுபட்டிருக்க வேண்டும்; நோய் அதனை விட்டுவைத்து ஏனையவற்றை நீக்கும். இதுவே இயற்கைத் தேர்வு. 1911ஆம் ஆண்டில் மைசூரிற் கென்ட் என்னும் தோட்டக்காரர், நோயுற்ற கோப்பிகளுக்கிடையே நோயின்றி நின்ற ஒன்றைக் கண்டு அதன் விதையைப் பரப்பினார். சில காலம் அது தாங்கியது; பின்னர்ப் பூஞ்சணத்திலும் புதுவகை தோன்றி அதனையும் தாக்கியது.

இவ் வரலாறு கோப்பியோடு முடிந்ததன்று. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருகிறது. அது தேர்ந்தளித்த டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 ஆகிய வகைகள் விளைச்சலைப் பெருக்கி நாட்டுக்கு வாழ்வளித்தன. ஆயினும் இவை யாவும் ஏ.எஸ்.எம். 4/10 என்னும் ஒரே தாயின் பிள்ளைகள். 1946ஆம் ஆண்டிற் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தபோது மலைகளில் நின்றவை பெரும்பாலும் நூறுவிதமான விதைச் செடிகள். இன்று நாட்டின் தேயிலை நிலத்திற் பாதிக்கு மேல் வீ.பி. தேயிலையே. ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் 3000, 4000, 5000 எனப் புதிய வரிசைகளை வெளியிட்டும், பழைய வகைகளைத் தனித் தோட்டங்களிற் பேணியும் வருவது இதனாலேயே. விளைச்சல் குறைந்ததென்று பிடுங்கி எறியப்படும் பழைய விதைத் தேயிலையுள், நாளை வரவிருக்கும் நோய்க்கு மருந்தாகும் ஓர் அலகு இருக்கலாம்.

ஆறாம் வினா

தேயிலைச் செடி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கவாத்துச் செய்யப்படுகிறது. இடையிலே வாரந்தோறும் கொழுந்து கிள்ளப்படுகிறது. இவ்வாறு நூறாண்டுக்கு மேலாக இடுப்பளவிலேயே நிறுத்தப்பட்ட செடியொன்றில், கத்திக்குத் தப்பிய வாது ஒன்று பூத்துக் காய்த்ததாக வைத்துக்கொள்வோம். அவ்விதையை நட்டு வெட்டாமல் வளர்த்தால், அது தாயைப் போல இடுப்பளவிலே நிற்குமா?

விடை: நிற்காது. அது மரமாக வளரும். தேயிலை இயற்கையில் ஒரு மரம். அசாம் வகை பத்து, பதினைந்து மீற்றர் உயரத்துக்குச் செல்லவல்லது. விதைக்கென்று வெட்டாமல் விடப்பட்ட பழைய தேயிலை மரங்களைக் கண்ட பெரியோர் இவ்வினாவுக்கு உடனே விடை சொல்லியிருப்பர்.

உயிர்கள் வாழ்நாளிற் பெற்ற மாற்றங்கள் பிள்ளைகளுக்குச் செல்லும் என்று பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1809ஆம் ஆண்டில் எழுதினார். இக்கருத்தை ஜெர்மன் விஞ்ஞானி வைசுமன் 1880களிற் சோதித்தார். வெள்ளெலிகளின் வாலை வெட்டி, அவற்றின் குட்டிகளை வளர்த்து, அக்குட்டிகளின் வாலையும் வெட்டி, இவ்வாறு ஐந்து தலைமுறை தொடர்ந்தார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றாவது வாலின்றியோ குறைவாலுடனோ பிறக்கவில்லை. கத்தி உடம்பைத் தொட்டது. பரம்பரை அலகைத் தொடவில்லை.

வைசுமன் எலிகளைக் கொண்டு ஐந்து தலைமுறை செய்த சோதனையை நம் மலைகள் ஒரு செடியைக் கொண்டு நூற்றைம்பது ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. எத்தனை கவாத்து நடந்தாலும் விதைக்குள் இருப்பது மரமே.

ஏழாம் வினா

இலங்கையில் 2016ஆம் ஆண்டில் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 17 பேர். தோட்டப்புறத்திலோ நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர். "இவர்கள் பரம்பரையே குட்டை" என்று சிலர் கூறுவதுண்டு. இக் கூற்றுச் சரியா?

விடை: இதற்குச் சட்டென்று விடை கூறாமல், முன்னைய வினாக்களின் துணையோடு ஆராய்வோம்.

உயரத்திற் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஒரே வீட்டில் ஒரே சோறு உண்டு வளர்ந்த அண்ணன் தம்பியரிடையே ஒருவர் நெடியராகவும் ஒருவர் குறியராகவும் இருத்தற்கு அலகுகளின் வேறுபாடு பெருங் காரணம். ஆயினும் இரு கூட்டத்தாருக்கு இடையே உள்ள வேறுபாடும் அலகினாலே வந்தது என்பது இதனாற் பெறப்படாது. ஒரே தாய்ச் செடியின் வீ.பி. கன்றுகளில் ஒரு பாதியை நன்மண்ணிலும், மறுபாதியை மழை அரித்த கற்பாங்கான சரிவிலும் நட்டுப் பாருங்கள். அலகில் இம்மியளவும் வேறுபாடு இல்லை. ஆயினும் ஒரு பக்கம் செழிக்கும், மறுபக்கம் வாடும். வேறுபாடு முழுவதும் மண்ணினுடையது.

பிள்ளைகளிடத்தும் இதற்கொத்த ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 1997 முதல் 2003 வரை ஏறத்தாழ 8,500 பிள்ளைகளின் வளர்ச்சியை உலக சுகாதார நிறுவனம் அளந்தது. தாய்ப்பால், நல்லுணவு, துப்புரவான வீடு, வேளைக்கு மருத்துவம் ஆகியவை கிடைத்த பிள்ளைகளே தேர்ந்தெடுக்கப்பட்டனர். நிறத்தாலும் இனத்தாலும் வேறுபட்ட அப்பிள்ளைகள் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே சீராக வளர்ந்தனர். டில்லிக் குழந்தையும் ஓசுலோக் குழந்தையும் அளவுகோலின் முன் உடன்பிறந்தார் போல நின்றன. இவ்வாய்வின் பயனாக 2006ஆம் ஆண்டில் வெளிவந்த வளர்ச்சி அளவைகளே பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்க இன்று உலகின் பல நாடுகளிற் பயன்படுகின்றன. தோட்டப்புறப் பிள்ளைகளின் குறையும் அவ்வளவை கொண்டே கணிக்கப்பட்டது.

எனவே விடை இது: நூற்றுக்கு 17, நூற்றுக்கு 32 என்னும் இவ்விரு தொகைகளின் இடைவெளிக்குப் பரம்பரையைக் காரணம் காட்டுதல் பிழை. கருவுற்ற தாயின் உணவு, குழந்தையின் பிறப்பு நிறை, தூய நீர், மலசலகூடம், லயத்து அறையின் நெரிசல், வீட்டு வருவாய் ஆகியவற்றிலேயே காரணத்தைத் தேடவேண்டும். உணவுக் குறைவோடு வளர்ந்த தாய்க்கு நிறை குறைந்த பிள்ளை பிறப்பதும் உண்டு. அதனால் ஒரு தலைமுறையின் வாட்டம் அடுத்த தலைமுறையையும் தொடுகிறது. இதனைக் கண்டே பலர் பரம்பரை என மயங்குவர். அலகு மாறியதனால் வந்ததன்று அது; ஆகையால் தாய்க்கும் சேய்க்கும் சேர்த்து ஊட்டமளித்தால் நீங்கக்கூடியது.

இவ்வினாவுக்குள் மற்றொரு வினா ஒளிந்திருக்கிறது. குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும் என்று பழமொழி கூறுவோர் உளர். கொழுந்து பறிப்பவர் மகள் விரைந்து கொழுந்து பறிப்பது, அவள் நடக்கத் தொடங்கிய நாள் முதல் அதனையே பார்த்து வளர்ந்தமையாலன்றி, அலகுகளில் கொழுந்து எழுதப்பட்டிருப்பதனாலன்று. தொழில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வது வழக்கத்தால், வாய்ப்பின்மையால், சட்டத்தால். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில். இவையெல்லாம் கவாத்தின் வரலாறு. விதையின் வரலாறு அன்று.

மனிதன் செடியல்லன்; செடிக்குச் சொன்னது யாவும் மனிதனுக்குப் பொருந்தா என்பது மெய்யே. ஆயினும் பெற்றோர் வாழ்நாளில் அடைந்த தழும்பு பிள்ளையின் அலகில் எழுதப்படுவதில்லை என்பது செடிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் பொதுவான விதி. விதைத் தேயிலை மலையிற் போலவே ஒரு லயத்திற் பிறக்கும் பிள்ளைகளும் ஒருவரைப் போல் ஒருவர் இரார். அவருள் கணக்கில் வல்லவன் ஒருவன், குரல் வளம் பெற்றவள் ஒருத்தி, நுண்ணோக்கியில் பொறுமையாகக் கண்பதிக்கக் கூடியவள் ஒருத்தி இருப்பர். அவ்வளவு பேரையும் ஒரே உயரத்துக்கு வெட்டி நிறுத்தினால், யாருள் எது இருந்தது என்பதை அறியவே வழியில்லாமற் போகும்.

புள்ளிகள்

முதல் ஐந்து வினாக்களுக்கும் சரியான விடை கூறியவர் உயர்தரப் பரீட்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆறாம் வினாவுக்குப் பாட்டியோ பாட்டனாரோ முதலில் விடை கூறியிருந்தால், அப் புள்ளியை அவருக்கே வழங்குக. ஏழாம் வினாவுக்குப் புள்ளியில்லை. அதற்குச் சரியான விடை கூறுவதோடு நில்லாமல், உயரம் குறைந்த பிள்ளை ஒன்று வீட்டிலோ அயலிலோ இருந்தால், அதனைத் தாய் சேய் நிலையத்துக்கு அழைத்துச் சென்று நிறுத்து அளந்து, மருத்துவ மாது சொல்லும் ஊட்டத்தைக் கொடுப்பதே அதன் முழு விடையாகும்.

மாணவர்க்கு ஒரு செய்முறையும் உண்டு. பழைய விதைத் தேயிலை நிற்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் விதைகளில் நான்கைப் பொறுக்கி நீரில் இடுங்கள். மிதப்பதை விடுத்து, மூழ்குவதை எடுத்துப் பாடசாலைத் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் நட்டு, ஆசிரியரின் அனுமதியோடு வேலியிட்டுக் காத்திடுங்கள். எவரும் அதில் கத்தி வைக்கலாகாது. ஆண்டுதோறும் தைப்பொங்கலன்று அதன் உயரத்தை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். அக்கொப்பியை, நீங்கள் பாடசாலையை விட்டுச் செல்லுங்கால், அடுத்த வகுப்பு மாணவரிடம் ஒப்படையுங்கள்.